பொருளாதாரம் இளங்கலை: கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள், மற்றவை அப்புறம்

இளங்கலைப் பொருளாதாரம் படிப்பவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், பாடத்திட்டமும் கொஞ்சம் மாறுகிறது, தவறுகள் மட்டும் மாறவே இல்லை. என் செட்டில் நாங்கள் செய்ததையே இப்போது வருபவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள். ஒழுங்காக வகுப்புக்குப் போ, கடைசி நாளில் புத்தகத்தைத் திறக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கைத் தள்ளிப்போடுவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலாண்டுப் பாடம் பெரும்பாலும் சொற்களும் படங்களும்தான். தேவைக் கோடு இறங்கும், அளிப்புக் கோடு ஏறும், வெட்டும் இடம் சமநிலை. கோர்வையாக எழுதத் தெரிந்தவர் இதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிடுவார். கூடவே வரும் கணிதத் தாளில் எப்படியோ தேறியும் விடுவார். பிறகு, "எனக்குக் கணக்குதான் வராது, கருத்து நன்றாகப் புரிகிறது" என்று சொல்லிக்கொண்டு திரிவார். அந்தக் கருத்தில் பாதி கணக்குதான் என்பது அவருக்குத் தெரியாது.

இறுதிநிலைச் செலவுக் கோடு (கூடுதலாக ஓர் அலகு செய்ய ஆகும் செலவைக் காட்டுவது) சராசரிச் செலவுக் கோட்டை அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் வெட்டும். இதை எழுதாத விடைத்தாள் கிடையாது. ஏன் அங்கே வெட்டுகிறது என்று கேளுங்கள். "புத்தகத்தில் படம் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். நிலைச் செலவு 100. ஒவ்வொரு அலகுக்கும் 10. அதோடு உற்பத்தி அளவின் வர்க்கத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் மொத்தச் செலவு. 5 அலகு செய்தால் 175, 6 அலகு செய்தால் 196. ஆறாவது அலகுக்குக் கூடுதலாக ஆனது 21. வகையிட்டுப் பார்த்தால் இறுதிநிலைச் செலவு என்பது 10 உடன் உற்பத்தியின் இரு மடங்கைக் கூட்டியது. உற்பத்தி 5 இருக்கும்போது அது 20. உடனே கேள்வி வரும்: 20 சரியா, 21 சரியா? இரண்டும் சரிதான். ஒன்று முழு அலகுக்கான தாவல், மற்றது அந்தப் புள்ளியில் கோட்டின் சாய்வு. இந்தச் சின்ன வித்தியாசத்தில் குழம்பியவர்கள் இரண்டாம் ஆண்டு முழுவதும் குழம்பிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சராசரி. 100ஐ உற்பத்தியால் வகுத்து, 10ஐயும் உற்பத்தியையும் கூட்ட வேண்டும். அதை வகையிட்டுச் சுழிக்குச் சமப்படுத்தினால் உற்பத்தி 10 என்று வரும். அங்கே சராசரிச் செலவு 30, இறுதிநிலைச் செலவும் 30. அடுத்த அலகு சராசரியைவிடக் குறைந்த செலவில் முடிந்தால் சராசரி இறங்கும், கூடுதலானால் ஏறும். இறக்கம் நின்று ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு பக்கத்தாளில் அரைப் பக்கம்கூட ஆகாத இந்த வேலையைச் செய்யாமல் மூன்று ஆண்டும் அந்தப் படத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஒருமுறை ஒரு மாணவர், "மார்ஷலே கணக்கை எரித்துவிடச் சொன்னார்" என்று என்னிடம் வாதாடினார். சொன்னது உண்மைதான். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1906இல் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் அது ஐந்தாவது படி. கணிதத்தைச் சுருக்கெழுத்துபோலப் பயன்படுத்து, வேலை முடியும்வரை அதை விடாதே, பிறகு சாதாரண மொழியில் எழுது, நடைமுறை வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு கொடு, அதற்கப்புறம்தான் எரி என்கிறார். சொன்னவர் 1865இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தவர். கணக்கே போடாதவர் எதை எரிப்பார்?

தள்ளிப்போட்டதற்கான விலையை முதலாண்டில் யாரும் கொடுப்பதில்லை. எகனாமெட்ரிக்ஸ் (தரவை வைத்துப் பொருளாதார உறவுகளை அளவிடும் பாடம்) வரும்போதுதான் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சம்பளத்தின் மடக்கையைப் படித்த ஆண்டுகளோடும் அனுபவத்தோடும் இணைத்து ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். படிப்புக்கான கெழு, அதாவது ஓர் ஆண்டுப் படிப்புக்கு அந்த மடக்கை எவ்வளவு கூடுகிறது என்ற எண், 0.08. ஒரு மாணவி, "ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தால் சம்பளம் 0.08 கூடும்" என்று எழுதியிருந்தார். மடக்கை என்பதால் அது ஏறக்குறைய 8 சதவீதம். அனுபவம் அதே அளவில் இருக்கும் இருவரை ஒப்பிட்டால்தான் அந்த 8 சதவீதமும். முதலாண்டிலிருந்து எல்லா விடையிலும் "பிற அனைத்தும் மாறாதிருக்கையில்" என்று தவறாமல் எழுதிவந்தவர் அவர். பகுதி வகைக்கெழு (மற்ற மாறிகளை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது) என்ற உருவில் அதே வாக்கியம் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. கெட்டிக்கார மாணவிதான், அதனால்தான் வருத்தம்.

அந்த நேரத்தில் திரும்பிப் போய் அடிப்படையைக் கட்டுவது சிரமம், ஏனென்றால் இந்தப் பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியவை. நுண்கணிதம் இல்லாமல் பல மாறி நுண்கணிதம் ஓடாது. அதுவும் அணிகளும் நிகழ்தகவும் இல்லாமல் எகனாமெட்ரிக்ஸ் வெறும் சூத்திரக் குவியல். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் மெய்ப் பகுப்பாய்வு (நுண்கணிதத்தை நிரூபணங்களோடு படிப்பது) வரை கேட்பார்கள். கடைசி ஆண்டில் ஞானோதயம் வந்து ஆசிரியர் அறை வாசலில் நிற்பவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருப்பதில்லை.

பள்ளியில் கணிதத்தை விட்டுவிட்டு வந்திருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். வகுப்பில் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் சமன்பாட்டை எழுதுங்கள். எண்களைப் போட்டுக் கையால் செய்து பாருங்கள். காணொளி பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாக ஆகாது.

சாய்வையும் நெகிழ்ச்சியையும் ஒன்றாக்குவது

தேவை என்பது 100இலிருந்து விலையின் இரு மடங்கைக் கழித்தது என்று வையுங்கள். நேர்கோடு, ஒரே சாய்வு. நெகிழ்ச்சி என்பது விலை 1 சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பது. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், விலை 40இல் அது 4, விலை 10இல் 0.25. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கோட்டை நகர்த்துவதா, கோட்டின் மேல் நகர்வதா

விலை மாறினால் தேவைக் கோட்டின் மேல் நகர்வோம். வருமானம் மாறினால் கோடே நகரும். அச்சில் இருப்பது எது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செய்தி படித்தால் பாடம் படித்ததாக நினைப்பது

பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது என்றால் விலைகள் இறங்கிவிட்டன என்று எழுதுகிறார்கள். விலைகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, வேகம்தான் குறைந்திருக்கிறது. செய்தி படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் வரும் எண் பண மதிப்பா, விலையேற்றத்தைக் கழித்த உண்மை மதிப்பா என்று கேட்காமல் படித்தால் விடைத்தாளில் தலைப்புச் செய்திதான் இருக்கும்.

"மாடல் எல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது"

இரண்டாம் ஆண்டில் எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல் வரும். அனுமானம் பொய் என்று சொல்வது எளிது. எந்த அனுமானம், அதைத் தளர்த்தினால் முடிவு எப்படி மாறும் என்று சொல்வதுதான் வேலை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே தகவல் தெரியும் என்ற அனுமானத்தை மட்டும் எடுத்துவிட்டு, பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரை 1970இல் வெளியானது. அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் மாடல்தான் போட்டார்.

ஆண்டைத் தெரியாமல் கோட்பாட்டைப் படிப்பது

வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும் என்று காட்டும் ஃபிலிப்ஸ் கோட்டை வரையச் சொன்னால் வரைகிறார்கள். அது 1958இல் வந்தது, பிரிட்டனின் கூலி, வேலையின்மைத் தரவுகளை வைத்து வந்தது, 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறியபோது அடிவாங்கியது என்பது தெரிவதில்லை. பேரியல் பொருளாதாரத்தில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று புரிய ஆண்டு தேவை.

குழுவாகக் கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதிக்கொள்வது

தேர்வு அறையில் குழு இருக்காது.

தரவைத் தொடாமலே பட்டம் வாங்குவது

ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி சுழிக்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது என்றது அது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் பல நாடுகளில் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மேற்படிப்பு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே எண்ணைத் திரும்பக் கொண்டுவர முயன்றார், வரவில்லை. அசல் எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தால் சராசரிச் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் அதைவிடப் பெரிய சிக்கல். 2013இல் அவரும் அவருடைய இரண்டு ஆசிரியர்களும் திருத்திப் போட்டபோது வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. உலக வங்கித் தரவு இலவசம், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு அட்டவணையைத் திரும்பக் கொண்டுவரப் பாருங்கள். முதலில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன, எத்தனை காலியாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். ரிக்ரஷன் (மாறிகளுக்கிடையேயான உறவைக் கணக்கிடுவது) கட்டளையை அதற்கப்புறம் அடிக்கலாம்.