ஆண் நாயை முதன்முதலாக இணை சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கிறது, தலையணை மேல் ஏறுகிறது என்பதற்காக நாள் குறித்துவிடாதீர்கள். மூன்று மாதக் குட்டிகூட விளையாட்டில் அப்படி ஏறும்.

1. வயது. ஆண் நாய்கள் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் பருவமடையும். பெட்டையைச் சினையாக்க அது போதும், ஆனால் எலும்பும் குணமும் அதற்குள் தெரியவராது. சிறிய, நடுத்தர இனங்களுக்கு 18 மாதம், பெரிய இனங்களுக்கு 24 மாதம் காத்திருப்பதே சரி. பெரிய இனங்களுக்கு இடுப்பு எக்ஸ்ரே கட்டாயம். நாய் நன்றாக ஓடுகிறதே என்று அதைத் தவிர்க்காதீர்கள். இடுப்புக் குறை இருந்தும் நொண்டாத இளம் நாய்கள் நிறைய உண்டு.

2. விதைகள். நாயை நிற்க வைத்து, கையைச் சூடாக்கிக்கொண்டு தடவிப் பாருங்கள். இரண்டும் பைக்குள், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். 6 மாதம் கடந்தும் ஒன்று இறங்கவில்லை என்றால் இணை சேர்க்கவே கூடாது. ஒற்றை விதையாலும் குட்டி பிறக்கும், அந்தக் குறையும் குட்டிகளுக்குப் போகலாம். உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை அறுவை செய்து எடுத்துவிடுங்கள்.

3. புருசெல்லா கேனிஸ் இரத்தப் பரிசோதனை. கருச்சிதைவை உண்டாக்கும் தொற்று இது, மனிதருக்கும் பரவும். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாது. அதனால் நாயைத் தனியே வைத்து, 8 வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பெட்டைக்கும் இதே பரிசோதனை வேண்டும்.

4. விந்துப் பரிசோதனை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். விந்து மூன்று கட்டமாக வரும்: முதலில் தெளிந்த சில துளிகள், அடுத்துப் பால் போல வெளுத்த பகுதி, கடைசியில் தண்ணீர் போன்ற புரோஸ்டேட் நீர். விந்தணுக்கள் நடுப்பகுதியில்தான் இருக்கும். கடைசி நீரும் சேர்ந்துவிட்டால் ஒரு மில்லியில் உள்ள எண்ணிக்கை குறைந்து காட்டும். எனவே மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நடுத்தர, பெரிய நாய்க்கு 30 கோடிக்கு மேல் இருந்தால் நல்லது, சிறிய நாய்க்கு இயல்பாகவே குறையும். நேராக நீந்துபவை 70 சதவீதமாவது இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் சிறுநீர் கலந்ததையும், சிவப்பு இரத்தத்தையும் காட்டும்.

முடிவு மோசமாக வந்தால் உடனே நாயை ஒதுக்காதீர்கள். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடு சில்லென்று இருந்தாலே அணுக்கள் அசைவிழந்துவிடும். 37 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும். விந்து பிடிக்கும் குழாயில் தண்ணீரோ சோப்போ ஒட்டியிருந்தாலும் சாகும். நெடுநாள் ஓய்வுக்குப் பின் வரும் முதல் விந்தில் பழைய, செத்த அணுக்கள் அதிகம், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள். காய்ச்சல் வந்திருந்தால் கதையே வேறு. ஓர் அணு உருவாக ஏறக்குறைய 60 நாள், முதிர இன்னும் இரண்டு வாரம் ஆகும். போன மாதக் காய்ச்சலின் பாதிப்பு இப்போதுதான் தெரியும். அதனால் காய்ச்சல் விட்டு 75 நாளுக்குப் பிறகு சோதித்தால்தான் உண்மை நிலை தெரியும்.

5. குணம். காரணமில்லாமல் கடிக்கும், சத்தத்துக்கு நடுங்கி ஒடுங்கும் நாய் வேண்டாம். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வேண்டாம்.

6. முதல் சேர்க்கை. ஏற்கெனவே குட்டி ஈன்ற, அமைதியான பெட்டையை ஆண் நாய் இருக்கும் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். கடித்து விரட்டும் பெட்டையிடம் முதல் அனுபவம் அமைந்தால் இளம் நாய் பிறகு ஏறவே தயங்கும். இரண்டும் ஒட்டி நிற்பது 5 முதல் 30 நிமிடம் வரை நீளலாம். அப்போது பிரித்து இழுத்தால் இரண்டுக்கும் காயம். பெட்டை உட்காராமல் பிடித்துக்கொண்டால் போதும். பிரிந்த பின் ஆண் நாயின் குறி உறைக்குள் முழுதாகத் திரும்பியதா என்று பாருங்கள். ஓரத்து முடி உள்ளே சுருண்டு அதைத் தடுப்பது உண்டு. அரை மணி நேரத்தில் திரும்பவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.