பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை: எடுப்பதற்கு முன் டாக்டரிடம் பேச வேண்டியவை

ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கான மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பல இடங்களில் பி.எஸ்.ஏ.வும் சேர்ந்தே வருகிறது. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளந்து, அந்தச் சுரப்பியின் புற்றுநோயைத் தேடும் இந்தச் சோதனையைச் சர்க்கரை, கொழுப்புப் பட்டியலோடு சேர்த்துவிடக் கூடாது. எண் கைக்கு வந்துவிட்டால் அதைப் பார்க்காததுபோல் இருக்க யாராலும் முடியாது. ஆகவே பேச்சு ரத்தம் எடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இது அறிகுறி இல்லாதவர்களுக்கான பேச்சு. சிறுநீரில் ரத்தம் வருகிறது, சிறுநீர் கழிக்கச் சிரமம், விடாத முதுகெலும்பு வலி என்றால் யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

முதலில் குடும்ப விவரம் சொல்லுங்கள். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து கூடுதல். 40–45 வயதிலேயே பேசத் தொடங்கலாம். தாய்வழியில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் சொல்லுங்கள். மற்றவர்களில் 55 முதல் 69 வரை அவரவர் முடிவு, 70க்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2018 பரிந்துரை.

அடுத்து, கணக்கைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அதே குழுவின் மதிப்பீடு இது: 55–69 வயதில் 1000 பேர் 13 ஆண்டு காலம் சோதித்துக்கொண்டால் சுமார் 240 பேருக்கு எண் கூடுதலாக வரும், 100 பேருக்குப் புற்றுநோய் உறுதியாகும். அதில் 20 முதல் 50 பேருக்கு அந்த நோய் வாழ்நாளில் எந்தத் தொல்லையும் தந்திருக்காது. அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ 80 பேர் எடுப்பார்கள். 50 பேருக்கு விறைப்புத்தன்மை போகும், 15 பேருக்குச் சிறுநீர் கசியும். சாவிலிருந்து தப்புவது ஒருவர் அல்லது இருவர். சோதித்தும் 5 பேர் இந்நோயால் இறப்பார்கள். எம்ஆர்ஐ பரவலாவதற்கு முந்தைய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. இன்று எம்ஆர்ஐ பார்த்து, தேவையற்ற பயாப்ஸியை (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதை) குறைக்க முடிகிறது.

பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்: “நீங்களே பார்த்து செய்யுங்க டாக்டர்.” நோயைத் தவறவிடுவதற்கு அதிகம் பயப்படுகிறீர்களா, சிறுநீர்க் கசிவுக்கா என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகனோ மகளோ கூட இருக்கும்போது தாம்பத்தியம் பற்றி எந்த அப்பாவும் வாய் திறக்கமாட்டார். பத்து நிமிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். டாக்டர்களும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும், “வீட்ல போய் இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டால் எது புரியவில்லை என்பது வெளியே வரும்.

எடுப்பதென்று முடிவானால், இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிளும் கடும் உடற்பயிற்சியும் உடலுறவும் வேண்டாம். யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்திருந்தால் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள்; எண் பொய்யாக ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டுட்டாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு மாத்திரைகள் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடும் இதில் அடக்கம், மறைக்காமல் சொல்லுங்கள்.

எண் கூடுதலாக வந்தால் உடனே பயாப்ஸிக்குச் சம்மதிக்காதீர்கள். புராஸ்டேட் வீக்கத்திலும் எண் ஏறும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, அப்போதும் கூடுதல் என்றால் எம்ஆர்ஐ. அதற்குப் பிறகே பயாப்ஸி. “மெதுவாக வளரும் வகை என்றால் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் இருக்க என்னால் முடியுமா?” என்ற கேள்விக்கும் முன்கூட்டியே விடை தேடுங்கள். பிரிட்டனில் சுமார் 1,600 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு எதில் இருந்தாலும் இந்நோயால் இறந்தவர்கள் 3 சதவீத அளவே.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதையும் காரணத்தோடு ஓபி சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பேசலாம். எடுத்து எண் இயல்பாக வந்தவர்களுக்கும் வருடாவருடம் தேவையில்லை, 2 முதல் 4 ஆண்டுக்கு ஒருமுறை போதும்.