ஆடியில் சுற்றியது, ஐப்பசியில் நின்றது

மொட்டை மாடியில் நான் செய்து நிறுத்திய, காற்றில் சுழலும் இறக்கைகள் வைத்த ஸ்டீல் சிற்பம் ஆடிக் காற்றில் பம்பரமாகச் சுற்றியது. ஐப்பசியில் அசையவே இல்லை. பேரிங்கின் மூடியைக் கழற்றினால் உள்ளே கெட்டி கிரீஸ். மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். கொஞ்சம் தேவலை. ஆனாலும் ஒரே இறக்கைதான் எப்போதும் கீழே வந்து நின்றது. சரி, வெல்டிங் அதிகம் விழுந்த பக்கம் கனம்! காற்றில் அசையும் சிற்பங்கள் செய்த அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கி தன் நீண்ட தகடுகளை ஈயம் வைத்துத்தான் சமன் செய்தார். நானும் எதிர்முனையில் மீன்வலை ஈயக்குண்டுகளை டேப்பால் ஒட்டி, எடுத்து, மறுபடி ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தின்றேன். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றபோதுதான் ரிவெட் அடித்தேன். இப்போது துண்டை உதறினாலே திரும்புகிறது.