செல்லுக்குள்ள ஆடுற அலையை பைத்தான்ல ஓட்டிப் பாக்குறது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் எம்.எஸ்சி. பயாலஜி படிக்கிற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு "செல் சிக்னலிங் மாடலிங்"னு தலைப்பு மட்டும் ஜோரா எடுத்துட்டு, அப்புறம் கணக்கைப் பாத்து மிரண்டு போறாங்க. அவங்களுக்குத்தான் இது. பிளஸ் டூ கணக்கு ஞாபகம் இருந்தா போதும்.

மொத வேலை, முப்பது புரோட்டீனும் நூறு அம்புக்குறியும் இருக்கிற படத்தை ஓரமா வைங்க. ஹெஸ்1னு ஒரே ஒரு ஜீனை எடுத்துக்கங்க, நாட்ச் சிக்னல் (பக்கத்து செல் தொட்டு அனுப்புற சேதி) வந்தா எழும்புற ஜீன் இது. அதோட புரோட்டீன் திரும்பி வந்து சொந்த ஜீனையே அமுக்கும். வளர்ப்பு செல்லுக்கு சீரம் ஊத்தினா ஹெஸ்1 அளவு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குதுன்னு 2002ல காட்டிட்டாங்க, அதனால உங்க மாடல் சரியா தப்பான்னு ஒத்துப் பாக்க ஒரு நம்பர் கையில இருக்கு.

ஏன் ஆடுது? கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுறவங்களைக் கேளுங்க. மேட்டுப்பாளையம் மண்டியில விலை ஏறுச்சுன்னா எல்லாரும் கேரட் போடுவாங்க, மூணு மாசம் கழிச்சு எல்லார் கேரட்டும் ஒண்ணா இறங்கும், விலை படுத்துடும், அடுத்த போகம் பாதிப் பேரு கேரட்டே போடமாட்டாங்க, மறுபடி விலை ஏறும். இன்னிக்குப் போட்டது நாளைக்கே விளைஞ்சா விலை ஒரு இடத்துல நின்னுடும். அந்த மூணு மாசத் தாமதம்தான் ஆட்டத்துக்கே காரணம். செல்லுலயும் அதேதான்: ஜீனைப் படிச்சு, வெட்டி ஒட்டி, நியூக்ளியஸை விட்டு வெளிய அனுப்பி, புரோட்டீனா மாத்த நேரம் ஆகுது. இது சும்மா கணக்குக்காக சொல்றது இல்ல, ஹெஸ்7னு இதோட சொந்தக்கார ஜீன்ல இன்ட்ரான்களை (படிச்சப்புறம் வெட்டி எறியுற துண்டுங்களை) மட்டும் எடுத்துட்டு எலியில பாத்திருக்காங்க (2011), தாமதம் குறைஞ்சதும் ஆட்டம் நின்னுபோச்சு, முதுகெலும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு.

இப்ப சமன்பாடு, ரெண்டே ரெண்டு. எம்ஆர்என்ஏன்னா ஜீனைப் படிச்சு எடுத்த நகல், அதை வச்சுத்தான் புரோட்டீன் உருவாகும்.

எம்ஆர்என்ஏ மாறுற வேகம் = அமுக்கப்பட்ட உற்பத்தி − 0.03 × எம்ஆர்என்ஏ
புரோட்டீன் மாறுற வேகம் = எம்ஆர்என்ஏ − 0.03 × புரோட்டீன்

அமுக்கப்பட்ட உற்பத்தின்னா 1 ÷ (1 + (பழைய புரோட்டீன் ÷ 100) அடுக்கு 5). "பழைய"ங்கிறதுதான் சூட்சுமம், இப்ப இருக்கிற புரோட்டீன் இல்ல, தாமத நேரத்துக்கு முன்னாடி இருந்தது. நேரமெல்லாம் நிமிஷத்துல. 0.03ங்கிறது சிதைவு வேகம், அது எங்கிருந்து வந்துச்சுன்னா, ரெண்டோட அரை ஆயுளும் கிட்டத்தட்ட 23 நிமிஷம், 0.693ஐ 23ஆல வகுத்தா அதுதான். மத்த அளவெல்லாம் ஒப்பீட்டு அளவு. நிக் மங்க் 2003ல போட்ட மாடல் இது.

கோடு எழுத லேப்டாப் பெருசா வேணாம், பிரவுசர்லயே பைத்தான் ஓட்டுற கூகுள் கோலாப் போதும், இங்க காத்து மழைன்னா கரண்ட் போயிடும்ங்கிறதால அடிக்கடி சேவ் பண்ணிக்கங்க. சைபைங்கிற பைத்தான் கணக்கு லைப்ரரியில இருக்கிற வழக்கமான சால்வருக்கு தாமதம் தெரியாது, அதனால நாமளே ஒரு லூப் போட்டுக்கலாம்: 0.1 நிமிஷமா நகரணும், ஒவ்வொரு தடவையும் இருக்கிற மதிப்போட (மாறுற வேகம் × 0.1)ஐக் கூட்டணும், ஒவ்வொரு புரோட்டீன் மதிப்பையும் ஒரு லிஸ்ட்ல போட்டுட்டே வரணும், தாமதம் 18.5 நிமிஷம்னா லிஸ்ட்ல 185 இடம் பின்னாடி இருக்கிறதை எடுக்கணும். நேரம் பூஜ்யத்துக்கு முன்னாடி மதிப்பு இருக்காதுல்ல, அங்க புரோட்டீன் 100னு மாறாம வச்சுக்கங்க, எம்ஆர்என்ஏ 3ல ஆரம்பிங்க. 3000 நிமிஷம் ஓட்டுங்க, மொத 500ஐ தூக்கிப் போடுங்க. அப்புறம் 0.1ஐ 0.05 ஆக்கி (இப்ப 370 இடம் பின்னாடி) திரும்ப ஓட்டுங்க, படம் மாறுச்சுன்னா அது பயாலஜி இல்ல, உங்க ஸ்டெப் பெருசு.

தாமதத்தை 10, 18, 25னு மாத்திப் பாருங்க, விஷயமே இங்கதான். 10ல ரெண்டு மூணு அசைவுல அடங்கிடும். 25ல நிக்காம ஆடும். அடங்குறதுக்கும் ஆடுறதுக்கும் நடுவுல இருக்கிற எல்லை 18ஐ விட இத்துனூண்டு மேல, அங்க ஒரு சுத்துக்கு சுமார் 115 நிமிஷம், அதாவது அந்த 2 மணி நேரம். எல்லைக்குப் பக்கத்துல அலை சாகுதா வாழுதான்னு சட்டுனு தெரியாது, இன்னும் நீளமா ஓட்டித்தான் சொல்லணும்.

"தாமதம் வேணாம், சாதா சமன்பாடு போதாதா?"ன்னு கைடு கேப்பாங்க. இந்த ரெண்டு சமன்பாட்டுல தாமதத்தை எடுத்தா அடுக்கை எவ்வளவு ஏத்தினாலும் நிலையா ஆடாது. மூணாவதா ஒரு படி சேத்தா ஆடும், அது குட்வின் மாடல், ஆனா சிதைவு வேகம் மூணுக்கும் ஒண்ணா இருந்தாக்கூட அடுக்கு 8ஐத் தாண்டணும்னு கிரிஃபித் 1968லயே கணக்குப் போட்டுட்டாரு. அவ்வளவு செங்குத்தான அமுக்கல் செல்லுல கிடைக்கிறது கஷ்டம்.

டேட்டாவோட ஒப்பிடுறப்ப ஒரு எச்சரிக்கை. லட்சக்கணக்குல செல்லை ஒண்ணா அரைச்சு புரோட்டீன் அளவு பாக்குற வெஸ்டர்ன் பிளாட்ல (blot) அலை மெல்ல அடங்குற மாதிரி இருக்கும், உடனே தாமதத்தைக் குறைச்சு மாடலை அடங்க வைக்காதீங்க. டிஎன்ஏ அடிபட்டா எழும்புற பி53ங்கிற புரோட்டீன்ல அப்படித்தான் தெரிஞ்சுது, 2004ல ஒவ்வொரு செல்லா மைக்ரோஸ்கோப்ல பாத்தப்ப துடிப்போட உயரம் குறையவே இல்ல, ஒண்ணுக்கொண்ணு நேரம் தப்பிப்போனதால சராசரி படுத்திருக்கு. நீங்களும் இருபது செல் ஓட்டி, தாமதத்தை ஒவ்வொண்ணுக்கும் லேசா மாத்தி, சராசரி போட்டுப் பாருங்க, அதே படம் வரும்.

வைவாவுல கண்டிப்பா வர்ற கேள்வி, அடுக்கு ஏன் 5. ஹெஸ்1 ரெண்டு ரெண்டா சேந்துதான் டிஎன்ஏவுல உக்காரும், சொந்த ஜீன் முன்னாடி உக்கார ஒண்ணுக்கு மேல இடமும் இருக்கு, அதனால 2க்கு மேல போறது நியாயம்னு சொல்லுங்க. சொல்லிட்டு 3, 4, 5 மூணுக்கும் எல்லைத் தாமதம் எவ்வளவு மாறுதுன்னு ஒரு படமும் போட்டு வச்சிருங்க.