நம்ம ஏரியா வீரருக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் போடலாமா? முடிவு செய்வது எப்படி

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பாக்ஸிங், கேரம், ஃபுட்பால், வெயிட் லிஃப்டிங் என ஏதோ ஒன்றில் ஸ்டேட் லெவல், நேஷனல் லெவல் போய் வந்தவர் ஒருத்தராவது இருப்பார். அவர் பேரைப் போட்டு விக்கிப்பீடியாவில் தேடினால் ஒன்றும் வராது. உடனே நாமே ஒரு பக்கம் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எழுதி, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பி, அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் வரை பார்த்துச் சந்தோஷப்பட்ட பிறகு பக்கத்தைத் தூக்கிவிட்டால், அது அந்த மனிதருக்கு ஒரு அவமானமாகவே போய்ச் சேரும். அதனால் போடலாமா கூடாதா என்பதை எழுத உட்காரும் முன்னாலேயே முடிவு செய்துவிடுவோம்.

அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவரோடு சம்பந்தமில்லாத, நம்பகமான ஒரு பத்திரிகையோ புத்தகமோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறதா? இதுதான் கேள்வி. தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் முன்பு நிலைமை வேறு. முதல்தர கிரிக்கெட்டில் ஒரு மேட்ச், தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் ஒரு மேட்ச், ஒலிம்பிக்கில் ஒருமுறை பங்கேற்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பக்கம் நிற்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். விளைவு, பேர், பிறந்த வருஷம், கலந்துகொண்ட போட்டி என்று இரண்டே வரியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் புள்ளிவிவரத் தளங்களைப் பார்த்து எழுதிக் குவிக்கப்பட்டன. 2021ல் ஒலிம்பிக் விதியைப் பதக்கம் வாங்கியவர்களுக்கு என்று சுருக்கினார்கள். 2022ல் பெரிய விவாதம் நடந்து, 'ஆடினாலே போதும்' என்ற வகை விதிகளை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது விளையாட்டு வீரர் பக்கம் என்றால், புள்ளிவிவரத் தளம் போக, அவரைப் பற்றி விரிவாகப் பேசும் ஒரு ஆதாரமாவது பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த ஒன்று குறைந்தபட்சம்தான். பக்கத்தை நீக்கலாமா என்று விவாதம் வந்தால் மூன்று நல்ல ஆதாரம் கையில் இருப்பவர் தைரியமாகப் பேசலாம்.

எது விரிவானது? 'புளியந்தோப்பு அணி 3-1 என்று வென்றது, இரண்டாவது கோலை இன்னார் அடித்தார்' என்று ஒரு வரி வந்தால் அது அந்த மேட்சைப் பற்றிய செய்தி, அவரைப் பற்றியது இல்லை. அப்படி ஐம்பது வரி சேர்த்தாலும் விரிவான ஒரு கட்டுரைக்கு ஈடாகாது. எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எந்த ஆட்டத்தில் எப்படி ஜெயித்தார், அப்புறம் என்ன ஆனார் என்று ஒரு நிருபர் விசாரித்து நாலைந்து பத்தியாவது எழுதியிருந்தால் அது கணக்கு. பேட்டி என்றால் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் தன்னைப் பற்றிச் சொன்னது ஒரு பக்கம், நிருபர் தானாக விசாரித்து எழுதியது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் நமக்கு வேண்டும்.

ஒரே செய்தி நாலு பேப்பரில் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் வாக்கியமாக ஒன்றாக இருந்தால் அது சங்கமோ அரசோ கொடுத்த செய்திக்குறிப்பு. நாலும் சேர்ந்தாலும் ஒன்றுதான், அதுவும் சுதந்திரமானது இல்லை. பாராட்டு விழா மலர், நோட்டீஸ், பயிற்சி மையத்தின் ஃபேஸ்புக் பக்கம், காசு கொடுத்துப் போட்ட விளம்பரச் செய்தி, இவை எதுவும் வேண்டாம். யூடியூப் வீடியோவும் பெரும்பாலும் சேராது, பேர்பெற்ற செய்தி நிறுவனம் எடுத்ததாக இருந்தால் தவிர.

சில பேருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா பற்றி நாடு முழுக்க எழுதினார்கள். 1994ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை பாக்ஸிங்கில் வெண்கலம் வாங்கிய தேவராஜன், கேரத்தில் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம், வியாசர்பாடியிலிருந்து கிளம்பிப் போய் 2008ல் கேரம் உலக சாம்பியன் ஆன இளவழகி, இவர்கள் எல்லாம் அந்த ரகம். சிக்கல் அதற்கு ஒரு படி கீழே இருப்பவர்களிடம்தான். தேசியப் போட்டியில் வெள்ளி, ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, பெரம்பூர் பக்கம் குவார்ட்டர்ஸ், எண்பதுகளில் பேப்பரில் நாலைந்து முறை பேர். இந்த மாதிரி ஒருவருக்கு என்ன செய்வது?

கூகுளில் இல்லை என்பதற்காக 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புது விதி சரியானதுதான், ஆனால் பழைய பேப்பர்கள் நெட்டில் ஏறாத ஊர்க்காரர்கள் தலையில்தான் அது முதலில் விழுகிறது. ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டும் என்றோ ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றோ விக்கிப்பீடியா கேட்பதில்லை. 1990ல் வந்த தமிழ் நாளிதழின் எட்டாம் பக்கக் கட்டுரையும் முழு ஆதாரம்தான்.

அதனால் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். பீரோவுக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரோ பழைய ஆல்பமோ இறங்கும். உள்ளே மஞ்சளாகிப்போன கட்டிங்குகள், சிலது லேமினேஷன் போட்டது. அக்கறையாகத்தான் வெட்டியிருப்பார்கள், ஆனால் போட்டோவும் பேரும் வருகிற இடத்தை மட்டும் வெட்டி, மேலே இருந்த பத்திரிகைப் பேரையும் தேதியையும் விட்டிருப்பார்கள். கட்டிங்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பாதி சினிமா விளம்பரம் இருந்தால் படம் ரிலீஸான வாரம் தெரியும்; டெண்டர் அறிவிப்பு இருந்தால் அதிலேயே தேதி இருக்கும். கூடவே சர்டிபிகேட்டில் போட்டி நடந்த நாள் இருக்கும், அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள் பேப்பரில்தான் செய்தி வந்திருக்கும். எழுத்து வடிவத்தையும் பத்தி அகலத்தையும் பார்த்தே இது தினத்தந்தி, இது தினமணி என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேளுங்கள்.

இந்த அளவு தெரிந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம். இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களும் பத்திரிகைகளும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நாலு நூலகங்களில் அது ஒன்று. தேதி இல்லாமல் போய் 'எண்பதுகளில் எப்பவோ வந்தது' என்றால் யாராலும் எடுத்துக்கொடுக்க முடியாது, மாதமும் வருஷமுமாவது வேண்டும். பத்திரிகைப் பேர், தேதி, பக்க எண், தலைப்பு, எழுதியவர் பேர் இருந்தால் அது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்கு அது போதும். கட்டிங்கை போட்டோ எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் பொதுவகத்தில் (காமன்ஸ்) ஏற்றாதீர்கள், காப்புரிமை பத்திரிகைக்குச் சொந்தம். வீரரின் படம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்று எடுங்கள், அவரைக் கேட்டுவிட்டு.

நெட்டில் தேடும்போது பேரை ஒரே மாதிரி அடிக்காதீர்கள். நம் பேர்களை ஆங்கிலப் பேப்பர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் போட்டிருக்கும். இனிஷியல் முன்னால், பின்னால், இனிஷியல் இல்லாமல், அப்பா பேரோடு, எல்லாவற்றையும் பாருங்கள்.

பழைய பரம்பரை பாக்ஸர்கள் விஷயம் தனி. இங்கே பரம்பரை என்றால் பாக்ஸிங் குழு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாக மோதிய கதையும், கித்தேரி முத்து என்ற பாக்ஸர் நாட் டெர்ரி என்ற பாக்ஸரை வீழ்த்திய கதையும் டீக்கடையில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் நேரில் கேட்டதை விக்கிப்பீடியாவில் வைக்க முடியாது, சொன்னவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும். அது முதலில் வேறு எங்காவது அச்சில் வர வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்து, ஒரு நிருபரையோ ஆய்வு மாணவரையோ அவர்களிடம் கூட்டிப்போவது பக்கம் போடுவதைவிட அவசரமான வேலை. தனி ஆளுக்கு ஆதாரம் குறைவாக இருந்தாலும் பரம்பரைக்கு இருக்கலாம், அப்போது பரம்பரைக் கட்டுரைக்குள் அவருக்கு ஒரு பகுதி வைத்துவிடலாம்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நம் பக்கத்து ஆள் என்றாலே ஏதாவது ஒரு வழக்கோடு சேர்த்துச் செய்தி போடும் பழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றி விரிவாக வந்திருப்பது ஒரு போலீஸ் கேஸ் செய்தி மட்டும்தான் என்றால் அவருக்குப் பக்கம் வேண்டாம். பிரபலம் இல்லாத ஒருவர் மீது வந்த, கோர்ட்டில் நிரூபணமாகாத குற்றச்சாட்டைப் பக்கத்தில் எழுதவும் வேண்டாம். உயிரோடு இருப்பவர்கள் பற்றி விக்கிப்பீடியாவின் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. வீட்டு விலாசம், சாதி, முழுப் பிறந்த தேதி, இதெல்லாம் தேவையே இல்லை. ஸ்கூல் பிள்ளைகள் என்றால் இன்னும் கறாராக இருங்கள். ஒரு மெடல் வாங்கி ஒரு வாரம் பேப்பரில் வந்தால் போதாது, தொடர்ந்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாம் தேடியும் விரிவான ஆதாரம் ஒன்றுதான் தேறியது என்றால் தனிப்பக்கம் போடாதீர்கள். அந்தப் போட்டியின் வெற்றியாளர் பட்டியலில், அணியின் கட்டுரையில், வியாசர்பாடி என்ற ஊர்க் கட்டுரையில் ஆதாரத்தோடு இரண்டு வரி சேருங்கள். அவர் பேரைத் தேடினால் அங்கே போகும்படி வழிமாற்று வைக்கலாம். நாளைக்கு இன்னும் ஆதாரம் கிடைத்தால் அதையே தனிப்பக்கமாக விரித்துக்கொள்ளலாம்.

தேறிவிட்டது என்றால் முதலில் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கென்று இருக்கும் பக்கத்தில், எழுதிப் பாருங்கள். அவர் உங்கள் மாமாவோ கோச்சோ என்றால் அதைக் கட்டுரையோடு சேர்ந்திருக்கும் பேச்சுப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வரைவாகப் போட்டு வேறொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆங்கில விக்கியில் ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்கிவிடுவார்கள், மறந்துவிடாதீர்கள். தமிழ் விக்கியில் சந்தேகம் இருந்தால் ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்தில் கேட்கலாம்.

அப்படியும் யாராவது பக்கத்தின் மேல் நீக்கல் வார்ப்புரு, அதாவது இதை நீக்க வேண்டும் என்ற அறிவிப்பு, போட்டால் பதற வேண்டாம். ஆங்கில விக்கியில் அந்த விவாதம் பொதுவாக ஏழு நாள் ஓடும். 'எங்க ஏரியாவுக்கே பெருமை' என்று நண்பர்களைக் கூட்டிவந்து ஓட்டுப் போட வைத்தால் காரியம் கெடும், அங்கே எண்ணிக்கையைவிட வாதத்துக்குத்தான் மதிப்பு. கையில் இருக்கும் மூன்று சிறந்த ஆதாரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அவரைப் பற்றி எத்தனை பத்தி, எந்தப் பக்கம், எழுதியவர் யார் என்று மட்டும் போடுங்கள்.