சூனியக்காரி முகத்தை ஸ்கிரீன் பிரிண்டில் எடுப்பது எப்படி?

பாப் ஆர்ட் பிரிண்ட் போட ஆசை என்று வருகிறவர்களிடம் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூனியக்காரியைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். 1981-ல் வந்த 'மித்ஸ்' தொகுப்பில் சூப்பர்மேன், டிராகுலா, மிக்கி மவுஸ் என்று பத்துப் படங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 38 அங்குலச் சதுரம். சூனியக்காரியாக இருப்பவர் மார்கரெட் ஹாமில்டன். 1939-ல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரியாக நடித்தவரும் அவரேதான். கூர்த்தொப்பி, நீண்ட மூக்கு, சிரிப்பில் திறந்த வாய். இவ்வளவு தெரிந்தால் யாரென்று சொல்ல வேண்டியதே இல்லை.

அதனால் நிறத்தை அப்புறம் யோசிக்கலாம், முதலில் கறுப்பு. ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து முகத்தைப் படமெடுங்கள். கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, சாம்பல் நிறம் பெரும்பாலும் போகும்வரை கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் சூனியக்காரி தெரிகிறாளா? தெரியாவிட்டால் வேறு படம் எடுங்கள். எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

பாசிட்டிவை, அதாவது படத்தைக் கறுப்பில் எடுத்த ஒளிபுகும் ஃபிலிமை, 45 லைன் புள்ளியில் (அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளிகள்) எடுத்தால் 90 மெஷ் துணி (சென்டிமீட்டருக்கு 90 இழை) சரியாக வரும். இது கறுப்புக்கான ஸ்கிரீன், அதாவது துணி கட்டிய ஃபிரேம். முகம், தொப்பி, பின்னணி ஆகியவற்றின் நிறங்களுக்குத் தனித்தனி ஸ்கிரீன். இந்த நிறங்களை முதலில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். நிறத்தின் ஓரம் கறுப்புக்கு அடியில் ஒரு மில்லிமீட்டராவது போயிருக்க வேண்டும்.

கறுப்பு அடிக்கும்போது ஃபிரேம் தாளுக்கு மேல் 2, 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கட்டும். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பு. ஸ்குவீஜி நகர நகர, பின்னால் துணி தாளை விட்டு எழும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டால் இடைவெளி போதவில்லை. கறுப்பு மங்கலாக இருக்கிறதே என்று இரண்டாவது முறை இழுக்காதீர்கள். புள்ளிகள் வீங்கிக் கண்ணும் வாயும் அடைந்துவிடும்.

அடுத்தது கோட்டு ஸ்கிரீன். டிரேசிங் தாளில் புருவம், மூக்கு, தொப்பி விளிம்பைக் கையால் வரைந்து, பளிச்சென்ற நிறத்தில் சற்றே விலக்கி அடியுங்கள். அந்த விலகலில்தான் முகத்துக்கு உயிர் வருகிறது. விலக வேண்டியது இந்த ஒரு ஸ்கிரீன் மட்டும்தான். எல்லாவற்றையும் விலக்கினால் அச்சுப் பிழையாகத்தான் தெரியும்.

வார்ஹோல் மினுக்கத்துக்கு 'டைமண்ட் டஸ்ட்' தூவினார். நமக்குக் கல்யாணப் பத்திரிகைக்குத் தூவும் ஜிகினாத் தூளே போதும். தொப்பி ஓரத்துக்கு மட்டும் நிறமில்லாத வார்னிஷ் அடித்து, ஈரம் காய்வதற்குள் தூவி, தாளைச் சாய்த்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒட்டாத தூளை மறுநாள் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம்.