பஃப் ரோலில் சீஸ் ஒழுகாமல், அடி சொதசொதக்காமல் இருக்க

கறியும் சீஸும் வைத்த ரோல் மேலே பொன்னிறமாக வெந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சொதசொதவென்று, சீஸ் பாதி தட்டில் ஓடிக் கருகியிருக்கும். இதை எனக்குத் தீர்த்து வைத்தது பூரணத்தின் ஈரத்தையும் சூட்டையும் குறைத்ததுதான்.

கொத்துக்கறியை வெங்காயத்தோடு வதக்கும்போது, நீர் வற்றியதும் நிறுத்துவதில்லை. கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடியில் ஈரம் தெரியக் கூடாது. சலசலப்பு அடங்கி, லேசாகப் பொரியும் சத்தம் வர வேண்டும். அப்புறம் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைக்கிறேன். சூடான கறி பட்டால் மாவு அடுக்குகளுக்கு நடுவே உள்ள வெண்ணெய் உருகிவிடும். பிறகு அடுக்கு எப்படி எழும்பும்?

தண்ணீரில் மிதந்து வரும் மொசரெல்லாவை விட்டுவிட்டு, செடார் மாதிரி கெட்டியான சீஸைத் துருவி நடுவில் மட்டும் வைக்கிறேன். ஓரங்களில் சீஸ் படவே கூடாது. முட்டை தடவி அழுத்தி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஆவி போக மேலே இரண்டு கீறல். சுருட்டிய ரோல்களை 20 நிமிடம் குளிரவைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

ஓவன் 200 டிகிரி செல்சியஸ். தட்டும் உள்ளேயே சூடாகியிருக்க வேண்டும். ஏறக்குறைய 25 நிமிடத்தில் அடிப்பக்கமும் மொறுமொறுவென்று வந்துவிடுகிறது.